ஸ்வெட்டருக்கு மேலே எடுத்த அளவு

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் நல்ல பனி. எதிர் லயத்து வீட்டு வரிசை கண்ணுக்குத் தெரியவில்லை. கோழிகள் கூட்டைத் திறந்துவிட்டும் வெளியே வர மறுத்துவிட்டன. அவற்றுக்குப் புத்தி இருக்கிறது.

இன்று ஸ்டோரில் யூனிபார்ம் கொடுத்தார்கள். எனக்கும் லின்சிக்கும். தேயிலை ஃபேக்டரியைப் பார்க்க வருகிற டூரிஸ்ட்களைக் கூட்டிப்போய் விளக்கம் சொல்லும் கைடு வேலை. இடம் ஒன்று, ஆள் இருவர். லின்சி ஆபீஸில் டைப் அடிக்கிறவள். இருபத்துமூன்று வயது, மூங்கில் மாதிரி உயரம். நான் பேக்கிங்கில் பதினோரு வருஷம். வயது முப்பத்துநான்கு, உயரம் நாலடி எட்டங்குலம், மற்ற பக்கமெல்லாம் தாராளம்.

பதினெட்டாம் தேதி ட்ரயல். டிராவல் ஏஜென்சி ஆட்கள் வருகிறார்கள். ஆளுக்கு ஒரு குழுவைக் கூட்டிப்போக வேண்டும். பார்த்துவிட்டு மேனேஜர் பினு சார் முடிவு சொல்வார்.

கொடுத்தவை: பச்சை டாப்ஸ் 1, கறுப்பு பேண்ட் 1, கையில்லாத கறுப்புக் கோட் 1. எல்லாம் வெளியூரிலிருந்து வந்த ரெடிமேட். ஸ்டோர்காரர் என்ன சைஸ் என்றார். யோசிக்காமல் எக்ஸ்எல் என்றேன். எப்போதும் அதுதான்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழியில். கை, விரல் நுனியை மூடுகிறது. இடுப்புக்கென்று வளைத்த இடம் என் பின்பக்கத்தில் வந்து உட்கார்கிறது. நீளம் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண். பேண்ட் நான்கு மடிப்பு.

ஜெனி (மகள், ஏழாம் வகுப்பு, இப்போதே என்னைவிட இரண்டு விரல் உயரம்) வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பொத்தவில்லை. "உள்ள யாராச்சும் இருக்கீயளா?" என்று கேட்டார். ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு எல்லாம் விளையாட்டுதான்.

சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 5, புதன்

தூறல். பேக்கிங்கில் தூசி அதிகம், நாள் முழுக்கத் தும்மல்.

செல்வி அக்காவிடம் (பக்கத்து மேசை, இனி செ.அ.) டாப்ஸ் விஷயத்தைச் சொன்னேன். "நமக்குன்னு எவன்ட்டி கடையில துணி தைக்கான்? ஒண்ணு ஒடம்பு உள்ள போவாது. இல்லன்னா உள்ள போயி தொலஞ்சிரும்" என்றாள். அவள் என்னைவிட ஓர் அங்குலம் உயரம், ஒரு சுற்று பெருசு. மரூன் ஸ்வெட்டர். அவளை வேறு நிறத்தில் நினைத்துப்பார்க்கவே முடியாது.

மதியம் பினு சார் எங்கள் இருவரையும் யூனிபார்மில் வரச்சொன்னார். லின்சிக்கு எம் சைஸ். கொஞ்சம் தொளதொளப்புதான், ஆனால் உயரம் அதை மறைத்துவிடுகிறது. பிறகு சார் என் பக்கம் திரும்பித் தன் மலையாளத் தமிழில் சொன்னார்.

"மெர்சி, நீ டீயப் பத்திப் பறையறது எல்லாம் கறெக்ட். ஒரு காரியம் மட்டும். கெஸ்ட் முதல்ல பாக்குறது ஆளைத்தான். கடன் வாங்கி இட்ட துணி போல இருக்கக்கூடாது. தைச்சு சரியாக்கிக்கோ, குழப்பமில்ல."

நல்ல மனுஷன், கத்தவில்லை. கத்தியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ஸ்டோர்காரர் பின்னாலேயே வந்து, வெட்டிக் கெடுத்தால் சம்பளத்தில் பிடிப்போம் என்றார். அவர் வேலையை அவர் பார்க்கிறார்.

பேக்கிங் அறைக்கு ஒரு கண்ணாடிச் சுவர் உண்டு. டூரிஸ்ட்கள் அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்ப்பார்கள், சிலர் போட்டோ எடுப்பார்கள். பதினோரு வருஷமாக நான் இந்தப் பக்கம். அவர்கள் தப்புத்தப்பாகப் பேசிக்கொள்வது வாயசைவில் தெரியும். எனக்கு இந்த ஃபேக்டரியின் சத்தமே பாடம். மிஷின் இருமினால் எந்த மிஷின் என்று சொல்வேன்.

எனக்கு இந்த வேலை வேண்டும். எழுதி வைக்கிறேன். வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

லீவு. மூணாறு போனேன். சின்னக்கானல் பக்கம் ரோட்டில் ஆனை. பஸ் முக்கால் மணி லேட். ஆனைக்கு அவசரமில்லை.

பார்த்த கடைகள்:

1. பெரிய கடை. எம் சைஸ்: தோள் கொஞ்சம் தேவலாம், மார்பில் மூச்சு விட முடியவில்லை. எல்: மார்பில் ஒட்டியது, தோள் கழன்றது. பயந்துபோய் மறுபடி எக்ஸ்எல். பழைய கதை.

2. மாடிக்கடை. "சேச்சி, ஒயரம் இல்லல்லோ, குட்டிகள் செக்‌ஷன்ல நோக்கிக்கோ." குட்டிகள் செக்‌ஷனில் சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டாம்பூச்சி போட்டதுதான் இருந்தது. அதுவும் நெஞ்சோடு நின்றுவிட்டது.

3. மார்க்கெட் நடைபாதை. ஃப்ரீ சைஸாம். பனைமர உயரத்துக்கும் அதுதான், எனக்கும் அதுதான்.

4. போனில் பார்த்து வரவழைத்தது போன மாதம் மூன்று முறை. மூன்றும் திருப்பி அனுப்பியாயிற்று. டீக்கடைக்காரர் பார்சலைக் கொடுக்கும்போதே "இது எப்ப திரும்பப் போவுது?" என்கிறார்.

தோளுக்கு எடுத்தால் மார்பு கேட்காது. மார்புக்கு எடுத்தால் மற்றதெல்லாம் சாக்கு. சம்பளத்துக்குள் வாங்க முடிகிற எதுவும் என்னை மாதிரி ஒருத்தியை நினைத்துத் தைத்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்சம் அழுதேன். ஒரு டாப்ஸுக்காக அழுவது கேவலம்தான். டாப்ஸுக்காக மட்டும் அழவில்லை.

தங்கச்சி ரோஸி போன் பண்ணினாள். பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் பிள்ளைக்கு ஞானஸ்நானம். சொல்லி அழுதேன். "அதைக் கொண்டாக்கா. பக்கத்து ஊட்டு சரசக்கா நல்லா தெய்க்கும்" என்றாள். நாலு வருஷத்தில் ஊடு, தெய்க்கும் என்று மாறிவிட்டாள். இன்னும் நாலு வருஷம் போனால் என்னையே ஏனுங்க என்பாள்.

நவம்பர் 8, சனி

ஆறு மணிக்கு அவர் ஜீப்பில் மூணாறு வரை கொண்டுவிட்டார். சீசன், அவரால் வர முடியாது. ஜெனிக்குப் பரீட்சை. நான் மட்டும், ஒரு பை, பைக்குள் யூனிபார்ம், கூட என் நல்ல மஞ்சள் டாப்ஸ். அளவு கொடுக்க.

மறையூரில் பஸ் நின்றபோது கரும்புப்பால் காய்ச்சும் வாசம். அங்கேதான் எப்போதும் ஸ்வெட்டரைக் கழற்றுவேன். எல்லோரும் அங்கேதான் கழற்றுகிறார்கள். பஸ்ஸே ஒரு தடவை தோலுரிக்கும்.

உடுமலை, பொள்ளாச்சி, மாறி மாறி. கோபாலபுரம் இறங்கும்போது மூன்று மணி. மழை விட்ட வெயில், ஒரே புழுக்கம். செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை. ரோஸி வீட்டில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து மூன்று டம்ளர் மோர்.

பிள்ளைக்கு அப்படியே அவன் அப்பாவின் மூக்கு.

நவம்பர் 9, ஞாயிறு

ஞானஸ்நானம் நல்லபடி முடிந்தது. தண்ணீர் பட்டதும் பிள்ளை போட்ட சத்தத்தில் ஃபாதரே சிரித்துவிட்டார். பிரியாணி. உப்பு ஒரு கல் குறைவு, யாரும் சொல்லவில்லை.

மதியம் சரசக்கா வீடு. ஐம்பது வயது இருக்கும். முன்னறையில் மிஷின், சுவரோரம் ஆளுயரக் கண்ணாடி பீரோ.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மறக்கக் கூடாது.

"வாங்க கண்ணு. அளவுத்துணி இருக்குதுங்களா?"

மஞ்சள் டாப்ஸைக் கொடுத்தேன். எங்கள் எஸ்டேட் டெய்லர் பாண்டி அண்ணன் தைத்தது. சரசக்கா அதை மேசையில் விரித்தார். துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார்.

"இது யாரோடதுங்க?"

"என்னோடதுதான்."

"தெச்சவரு உங்கள நேர்ல பாத்து அளந்தாருங்களா?"

"ஆமாக்கா. கடையில நின்னுதான்."

"அப்ப என்ன போட்டிருந்தீங்க?"

"எப்பயும் போடுறதுதான். சேலை, மேல ஸ்வெட்டர்."

"சொட்டரோடயா அளந்தாரு?"

"குளிருமேக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. கழற்றியதே இல்லை. ஒரு தடவைகூட. அம்மாவும் கழற்றியதில்லை. செ.அ. கழற்றியதில்லை. லயத்தில் எவளுமே கழற்றியதில்லை. அவரவர் கம்பளி நூல் ஸ்வெட்டர், அதற்குள் ஒரு சட்டை, அதற்குள் சேலைக் கொசுவம், எல்லாவற்றுக்கும் மேலே டேப். அந்த அளவைத்தான் நம் உடம்பு என்று மனப்பாடம் செய்துவைத்திருக்கிறோம். ஸ்டோரில் எக்ஸ்எல் என்று கேட்டு வாங்கியது என்னையும் சேர்த்து என் ஸ்வெட்டருக்கு.

சரசக்கா கதவைச் சாத்திவிட்டு டேப்பை எடுத்தார்.

மார்பு: நான் சொன்னது 43. இருப்பது 38½.
தோள்: சொன்னது 16. இருப்பது 13½.
இடுப்பு: சொன்னது 40. இருப்பது 31½.

"இன்னொரு வாட்டி அளங்கக்கா" என்றேன். அளந்தார். அதேதான்.

எனக்கு இடுப்பு இருக்கிறது. முப்பத்துநான்கு வயதில் தெரியவந்த செய்தி.

அவர் பேசப்பேச ரோஸி வீட்டுக் காலண்டர் தாளின் பின்னால் குறித்தது:

– தோள்தான் முதல். அது உட்கார்ந்தால் மற்றதெல்லாம் உட்காரும்.
– மார்புக்கு இடம் டாட் (உள்மடிப்புத் தையல்) பிடித்துத் தர வேண்டும். சுற்றிலும் துணியை விட்டு இல்லை.
– எனக்கு இடுப்பு வளைவு கழுத்திலிருந்து பதின்மூன்றாவது அங்குலத்தில். கடைத்துணியில் பதினைந்துக்கும் கீழே. அதனால்தான் அது பின்பக்கத்தில் போய் உட்கார்ந்தது.
– நீளம் முட்டிக்கு மேல் இரண்டு விரல். அதற்குக் கீழே போனால் ஆள் பாதியாகிவிடுவாள்.
– கை முக்கால். கழுத்து வி மாதிரி.
– பக்கத்துத் திறப்பு இடுப்பெலும்பில் தொடங்க வேண்டும்.
– பேண்ட் நேராக, கணுக்கால் தெரிய.

புதுத்துணி வாங்க வேண்டுமா என்று பயந்துகொண்டே கேட்டேன். "எதுக்குங்க? இந்த எக்ஸெல்லுல உங்களுக்குத் தெச்சு, மிச்சத்துல ஒரு தலகாணி உறையும் தெய்க்கலாம்." எல்லாத் தையலையும் பிரித்து, துணியாக்கி, புதிதாக வெட்டுவதாம். கோட்டையும்.

கத்தரியை எடுத்தபோது ஸ்டோர்காரர் முகம் வந்தது. கெடுத்தால் சம்பளம். வேலையும் இல்லாமல் துணியும் இல்லாமல் நின்றால்?

"வெட்டட்டுங்களா?"

வெட்டுங்க என்றேன்.

வெட்டும் முன் ஒன்று கேட்டார். "உள்ளுக்குள்ள எதாச்சும் போடுவீங்களா? அதுக்கு எடம் உடோணுமா?" முதுகில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. "ஒண்ணும் வேண்டாம்க்கா" என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

பத்து மணிக்குத் தந்துவிட்டார். பீரோக் கண்ணாடி முன் நின்றேன். எங்கள் வீட்டில் முகம் மட்டும் தெரிகிற கண்ணாடிதான். தலை முதல் கால் வரை என்னை நான் முழுசாகப் பார்த்தது கல்யாண ஸ்டுடியோவில், அதன்பிறகு இன்று.

தோள் தோளில் இருக்கிறது. பச்சை, நெஞ்சில் இழுக்கவில்லை, இடுப்பில் உள்ளே போய் வெளியே வருகிறது. ஒல்லியாகத் தெரியவில்லை. குட்டையாகத்தான் இருக்கிறேன். ஆனால் இது நான் என்று தெரிகிறது. ரோஸி போனை எடுத்து நாலு போட்டோ பிடித்தாள்.

சரசக்கா தையல்கூலி மட்டும் வாங்கினார். மூணாறு கடையில் ஒரு டாப்ஸ் விலையில் பாதிகூட இல்லை.

பஸ். மறையூரில் எல்லோரும் ஸ்வெட்டரை மாட்டினார்கள். வீடு வரும்போது இருட்டப்போகிற நேரம். போட்டுக் காட்டினேன். ஜெனி, "அம்மா, நீ ஒயரமாயிட்ட" என்றாள். அவர் ஜீப் சாவி தேடுகிற மாதிரி இரண்டு முறை உள்ளே வந்துபோனார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

அப்போதுதான் குளிர் ஏறியது. யூனிபார்ம் வெளியே தெரிய வேண்டுமே என்று ஸ்வெட்டரை எடுத்து உள்ளே போட்டுக்கொள்ளப் போனேன். போகவில்லை. எப்படிப் போகும்? ஒரு விரல் இடம் இல்லை.

கோபாலபுரத்து வெக்கையில் எங்கள் சூரியநெல்லிக் குளிர் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன். மலையில் பிறந்தவள், மலையில் வளர்ந்தவள். ஒரு ஃபேன் காற்றில் எல்லாம் போச்சு.

நவம்பர் 11, செவ்வாய்

வாளித் தண்ணீர் கையைக் கடிக்கிறது.

ட்ரயல் தொடங்குவது ஃபேக்டரி முன்னால் புல்தரையில். வெல்கம் பேச்சு பத்து நிமிஷம். காற்று நேரே மலையிலிருந்து வரும் இடம்.

யோசித்தவை:
– மேலே ஸ்வெட்டர். பினு சாரிடம் கேட்டேன். "மேல ஸ்வெட்டர் இட்டா பின்ன யூனிபார்ம் எதுக்கு?" ஞாயம்.
– உள்ளே தெர்மல் பனியன். கை முக்கால், அதற்குக் கீழே வெள்ளை தெரியும். மடக்கினால் முழங்கையில் உருண்டை.
– சால்வை. இலை எடுத்துக் காட்ட, படி ஏற, இரண்டு கையும் வேண்டும்.
– பழையபடி பெரிய டாப்ஸ். அது இப்போது இல்லை. தலையணை உறையாக ரோஸி வீட்டில்.

நவம்பர் 13, வியாழன்

பாண்டி அண்ணன் கடைக்குப் போனேன். அளவு விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் குழப்பம். அவர் கையில் குறை இல்லை, தையல் ஒன்று பிரிந்ததில்லை.

அவரே டாப்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். டாட்டை விரலால் நீவினார். சொல்லிவிட்டேன்.

மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார். "ஸ்வெட்டரக் கழட்டுன்னு எந்தப் பொம்பளப் பிள்ளைட்டம்மா நான் கேக்க? நான் ஆம்பள. அவங்க கழட்டல, நானும் கேக்கல. டேப்பையும் மேல படாம தள்ளித்தான் பிடிப்பேன். இருவது வருஷம் அப்படியே ஓடிப்போச்சு."

எனக்குக் கஷ்டமாகிவிட்டது. தப்பு அவருடையது இல்லை. மரியாதை கொடுத்திருக்கிறார், அது நான்கு அங்குலம் கூடிப்போயிற்று.

"அப்ப லயத்துல பாதிப்பேர நாந்தான் குண்டாக்கிட்டேனா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பிறகு, "ஒண்ணு செய்வோம். நீ வீட்ல வச்சு அளந்து சீட்டுல எழுதி அனுப்பு. யாருக்கு வேணாலும். நான் தைக்கேன்."

குளிருக்கு என்ன செய்ய என்று கேட்டேன். "அதுக்கு எங்கிட்டத் தையல் இல்ல தாயி."

டேப் ஒன்று கொடுத்தார். நுனி தேய்ந்தது.

நவம்பர் 14, வெள்ளி

புல்தரையில் ஒத்திகை. லின்சி முதலில். எம் சைஸுக்குள் இரண்டு தெர்மல் போட்டிருக்கிறாள். ஒல்லிக்கு உள்ளே இடம் இருக்கிறது, நீளக்கை வேறு. நன்றாகச் சொன்னாள்.

எனக்கு இரண்டாவது நிமிஷமே பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. வெல்கம் என்ற சொல் மூன்று துண்டாக வந்தது. கொழுந்து எத்தனை இலை என்பது மறந்தது. எனக்கு. கொழுந்து. பினு சார் வாட்சைப் பார்த்தார், வேறெங்கோ பார்த்தார்.

ஆனால் டிரஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இப்ப நன்னாயிட்டுண்டு" என்றார் போகும்போது. டிரஸ் ஜெயித்தது, ஆள் தோற்றாள்.

லின்சி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளை வெறுக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை.

செ.அ.: "எதுக்குட்டி இந்தப் பாடு? பொதியக் கட்டுன மாதிரி இருந்தாலும் குளிராம இருந்தோம்லா. யாரு நம்மளப் பாக்கா?" பாசத்தில்தான் சொல்கிறாள். ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபிறகு எனக்குக் கோபம் வந்தது. நாள் முழுக்கப் போகவில்லை.

நவம்பர் 15, சனி

வேலை. பத்து மணி டீ.

பத்து மணிக்கு பேக்கிங்கில் எல்லோரும் டம்ளரை எடுத்துக்கொண்டு டிரையர் பக்கம் போய் நிற்போம். தேயிலையைச் சூடுகாற்றில் உலர்த்துகிற பெரிய மிஷின். அதன் வாயருகே எப்போதும் அடுப்படி மாதிரி கதகதப்பு. டிபன்பாக்ஸைக்கூட அங்கேதான் வைப்போம். இன்றும் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். செ.அ. வெங்காய விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதியில் அவள் பேச்சு காதில் விழுவது நின்றுவிட்டது.

பதினோரு வருஷமாகக் குளிரும்போது நான் எங்கே வந்து நிற்கிறேன்? இங்கே. கெஸ்ட்டும் குளிரில்தானே வருகிறார்கள்? அவர்களுக்கு மட்டும் எதற்குப் புல்தரை?

சாயங்காலம் ஜெனியின் ரஃப் நோட்டில் புதிதாக எழுதினேன்:

சார் சொன்ன வரிசை: புல்தரை – இலை வாட்டுவது – உருட்டுவது – புளிக்கவைப்பது – டிரையர் – சலிப்பது – டீ குடிப்பது.

என் வரிசை: நேரே டிரையர். முதலில் வாசனை, சூடு. கையில் ஒரு பிடி சூடான தேயிலை. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பின்னாலேயே நடப்பது, புளிக்கவைப்பது, உருட்டுவது, வாட்டுவது, கடைசியில் பச்சைக் கொழுந்து. அதன்பிறகு டீ.

முடிவிலிருந்து முதலுக்கு. அதற்குள் எனக்கும் உடம்பு சூடாகியிருக்கும்.

சாரிடம் கேட்கலாமா? கேட்டால் வேண்டாம் என்பார். கேட்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

கோவில். பிரசங்கத்தில் மனம் நிற்கவில்லை, உதட்டுக்குள் டிரையர் பேச்சு. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

டாப்ஸ் இஸ்திரி. கோட் பட்டன் ஒன்று இறுக்கினேன். கோழி முட்டை 2.

நவம்பர் 18, செவ்வாய்

சாயங்காலம் நாலு மணி.

காலை மழையும் பனியும். எட்டுப் பேர் என் குழு. மெல்லிய சட்டை, கை கட்டிக்கொண்டு, மூக்கு சிவந்து. கீழ்நாட்டுக்காரர்கள், மலை குளிரும் என்று யாரோ சொல்லியும் நம்பாமல் வந்தவர்கள். அவர்களைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. என் ஜாதி.

லின்சி தன் குழுவோடு புல்தரையில் நின்றாள். நான், "வாங்க, முதல்ல அடுப்பு இருக்கிற இடத்துக்குப் போயிரலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பினு சார் புருவம் மேலே போனது. பின்னாலேயே வந்தார்.

டிரையர் பக்கம் போனதும் எட்டுப் பேரும் தோளை இறக்கிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பிடி சூடான தேயிலை. மூக்கில் வைத்துக்கொண்டு நகரவே இல்லை. நான் பேசினேன். எதுவும் மறக்கவில்லை. எந்த மிஷின் என்ன சத்தம் போடும் என்றும் சொன்னேன், கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன். அது எழுதிவைத்ததில் இல்லை, தானாக வந்தது.

கண்ணாடிச் சுவர் வந்தது. அந்தப் பக்கம் செ.அ., மற்றவர்கள். நான் இந்தப் பக்கம். செ.அ. நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளிலிருந்து முட்டி வரை மெதுவாகப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

டீ குடிக்கும்போது, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். என் உயரத்தில், என் உடம்பு மாதிரியே ஓர் அம்மா. மதுரையாம். கிட்டே வந்து சின்னக் குரலில், "இந்த டாப்ஸ் எந்தக் கடைல எடுத்தீங்க? எனக்குத் தோள் உக்காரவே மாட்டேங்குது" என்றார். முதல் கேள்வியே அதுதான், தேயிலையைப் பற்றி இல்லை.

"இங்க ஸ்டோர்லதான். எக்ஸ்எல்" என்றேன். அந்த அம்மா நம்பவில்லை. பிறகு எல்லாம் சொன்னேன். தோள், டாட், பதின்மூன்றாவது அங்குலம். டிஷ்யூ பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டார்.

பினு சார் ஏஜென்சி ஆட்களோடு ஆபீஸுக்குப் போய்விட்டார்.

நவம்பர் 19, புதன்

சார் இன்னும் முடிவு சொல்லவில்லை. பேக்கிங். தும்மல். சிலிண்டர் வந்தது.

நவம்பர் 20, வியாழன்

வெயில். பத்து நாளில் முதல் வெயில். லயம் முழுக்கக் கம்பளி காய்கிறது.

பத்து மணிக்கு ஆபீஸுக்குக் கூப்பிட்டார். "ஆரு பறஞ்சு டிரையர்ல தொடங்கான்?" யாரும் சொல்லவில்லை, எனக்குக் குளிர்ந்தது, அதனால்தான் என்றேன். உண்மைதானே. சார் சிரிக்காமலிருக்கப் பார்த்தார். "இனி எல்லாரும் அங்க நின்னு தொடங்கட்டே. ஒண்ணாந்தேதி முதல் மெர்சி கைடு. கூட்டம் உள்ள நாள் லின்சியும் வரும்."

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். லின்சி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "சேச்சி, ஆ டிரையர் பேச்சு எனக்கும் எழுதித் தரணும்" என்றாள். தருவேன்.

அவருக்குப் போன் பண்ணினேன். "உள்ள ஆள் இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அழுகை வந்துவிட்டது, வைத்துவிட்டேன்.

நாலு மணிக்கு செ.அ. வீட்டுக்கு வந்தாள். டீ போட்டேன். ரேஷன் அரிசி பற்றிப் பேசினாள். முழங்கால் வலி பற்றிப் பேசினாள். ஜனவரியில் அவள் தம்பி மகளுக்குக் கல்யாணம், அதைப் பற்றிப் பேசினாள். ஜெனி விளையாடப் போகும்வரை பேசினாள். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "பாண்டி அண்ணன் உங்கிட்ட டேப்பு குடுத்துச்சாமே" என்றாள்.

கதவைச் சாத்தினேன். எழுந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், எப்போதும் கடையில் நிற்பதுபோல.

"ஸ்வெட்டரக் கழட்டுங்கக்கா."

"எதுக்குட்டி? இப்படியே எடு. நாப்பத்தாறு. எனக்குத் தெரியாதா?"

"கழட்டுங்க."

பட்டன் நான்கு, ஐந்தாவது இடத்தில் ஊக்கு. ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பதினோரு வருஷம் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இந்த மரூன் கம்பளிக்குள் இப்படி ஓர் ஆள் இருப்பது எனக்கும் தெரியாது. குளிருக்கோ என்னவோ கையைக் குறுக்கே கட்டிக்கொண்டாள். அந்தக் கையை விலக்கிவிட்டு டேப்பைச் சுற்றினேன். மார்பு நாற்பதரை. தோள் பதினாலு. சீட்டில் எழுதினேன். இடுப்பு.

"எவ்வளவு?"

"முப்பத்துநாலு."

"போட்டீ."

டேப்பை என் கையிலிருந்து பிடுங்கினாள். ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், தானே இடுப்பைச் சுற்றிப் பிடித்து, குனிந்து நம்பரைத் தேடினாள்.